பெரிய கணினி, வலிய கண்ணாடி

ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித்துக்கு இங்கிதம் போதாது. 1921-இல் ராயல் சொசைட்டியின் ஏட்டில் அவர் எழுதிய கட்டுரையே சாட்சி. கண்ணாடிக் குழாய்களையும் குமிழ்களையும் எடுத்தார், கீறிவைத்தார், உள்ளே அழுத்தம் ஏற்றி வெடிக்கவிட்டார். விரிசல் வளர்ந்தால் புதிய பரப்பு பிறக்கிறது. அதற்கு ஆற்றல் செலவாகிறது. இழுபட்ட கண்ணாடியில் சேர்ந்திருக்கும் மீள் ஆற்றல் அந்தச் செலவுக்குக் கட்டுபடியானால் கண்ணாடி உடையும், இல்லாவிட்டால் உடையாது என்றார். அதற்கு மேல் திருகிப் பார்க்க ஒரு திருகுகூட மிச்சம் வைக்கவில்லை. விரிசலின் நீளம் இவ்வளவு, பரப்பு ஆற்றல் இவ்வளவு, ஆகவே உடையும் தகைவு இவ்வளவு. சரியா தவறா என்று தெருவில் போகிறவரும் சோதித்துவிடலாம். இப்படிப் பட்டவர்த்தனமாக எழுதினால் ஒரு கோட்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு?

அந்த ஆபத்திலிருந்து முறிவு இயக்கவியலைக் காப்பாற்றிய பெருமை நான்லோக்கல் கோட்பாடுகளைச் சேரும். ஒரு பொருளின் ஒரு புள்ளி எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்தப் புள்ளியை மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது. சுற்றிலும் ஒரு குறிப்பிட்ட தூரம்வரை உள்ள எல்லாப் புள்ளிகளையும் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும் என்பது இவற்றின் கொள்கை. எவ்வளவு தூரம்? அதை நாமே வைத்துக்கொள்ளலாம். இந்தத் துறையின் மேன்மையெல்லாம் அந்த ஒரு சலுகையில் இருக்கிறது. அதை உரிய முறையில் பாராட்ட இதுவரை யாரும் முன்வராதது எனக்கு மெய்யாகவே வருத்தம்.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோஷி காலத்திலிருந்தே திடப்பொருள்களின் இயக்கவியல் வகைக்கெழுக்களை நம்பித்தான் பிழைத்துவந்தது. பொருள் முழுசாக இருக்கும்வரை தொல்லை இல்லை. விரிசல் விழுந்துவிட்டால் அதன் இரு கரைகளுக்கும் நடுவே வகைக்கெழு என்ற ஒன்றே கிடையாது. விரிசலின் நுனியிலோ தகைவு முடிவிலிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. 1958-இல் சோவியத் அறிஞர் கச்சனோவ் வேறொரு வழி காட்டினார். பொருள் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதையே ஓர் எண்ணாக எழுதலாம், சிதைவு ஏற ஏறப் பொருள் தளர்வதாகக் கணக்குப் போடலாம் என்றார். கணினி வந்ததும் பொருளை உறுப்பு உறுப்பாகப் பிரித்து இதை ஓட்டினார்கள். அப்போது ஓர் அதிசயம் நிகழ்ந்தது. தளர்ச்சி முழுவதும் ஒரே ஒரு வரிசை உறுப்புகளில் போய்க் குவிந்தது. உறுப்புகளைப் பொடியாக்கினால் அந்த வரிசையும் ஒடுங்கியது. உடைக்கச் செலவாகும் ஆற்றலும் கூடவே குறைந்தது. இந்த உறுப்பு வலையை நுணுக்கிக்கொண்டே போனால் ஒரு கான்கிரீட் உத்தரம் செலவே இல்லாமல் இரண்டாகிவிடும். கட்டடம் இடிக்கும் ஒப்பந்தக்காரர்கள் எவரும் இவ்வளவு குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டதில்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெனெக் பஜாந்த் 1976-இலேயே இந்தத் தளர்ச்சிக் கணக்கின் கோளாறைச் சுட்டிக்காட்டி, அந்த இலவசத்தை நிறுத்தப் பார்த்தார்.

கோளாறு சொன்னவரே மருந்தும் கொடுத்தார். 1983-இல் ஓ என்பவருடன் சேர்ந்து, விரிசலை ஓர் அகலமுள்ள பட்டையாக வைத்துக்கொள்ளும் முறையை வெளியிட்டார். 1987-இல் பிஜோதியே-கபோவும் அவரும், சிதைவைத் தூண்டும் அளவை அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி எடுக்கும் கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். எவ்வளவு தூரத்துக்குச் சராசரி என்ற கேள்வி வந்ததும் அவர்கள் செய்த காரியம்தான் எனக்குப் புரியவில்லை. சோதனைக் கூடத்துக்குப் போய் அளந்தார்கள். கான்கிரீட்டில் உள்ள பெரிய ஜல்லியின் அளவைப்போல் சுமார் 2.7 மடங்கு என்று 1989-இல் அறிவித்தார்கள். ஒரு நீளத்தை இப்படிப் பொருளோடு கட்டிப்போட்டுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் எப்படிக் கையை வீசி நடப்பது? நல்லவேளையாக, அளந்து பார்க்கும் அந்தப் பழக்கம் அதிகம் தொற்றவில்லை.

1996-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பீர்லிங்ஸும் கூட்டாளிகளும் சராசரிக்குப் பதிலாகச் சரிவுகளை வைத்து அதே வேலையை இன்னும் நேர்த்தியாக முடித்தார்கள். வலையை எவ்வளவு நுணுக்கினாலும் விடை மாறாது. மாறாத விடை சரியான விடையாகவும் இருக்க வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள்; அது பேராசை. சிமோனே, ஆஸ்கெஸ், ஸ்லைஸ் என்ற மூவர் 2004-இல் ஒரு கட்டுரை எழுதி, இத்தகைய கணக்குகளில் சிதைவு விரிசலின் நுனியில் தொடங்காமல் நுனிக்குச் சற்று முன்னால் தொடங்குகிறது என்று காட்டினார்கள். இதைக் குறை என்று அவர்கள் எழுதியது அவசரம். ஒரு நூற்றாண்டாக எல்லாச் சுமையையும் சுமந்து முடிவிலித் தகைவுவரை தாங்கிய நுனிக்கு முதன்முதலாக ஓய்வு கொடுத்தது இந்தக் கோட்பாடுதான்.

எரிங்கனின் நான்லோக்கல் மீட்சிக் கோட்பாட்டையும் போகிற போக்கில் வணங்கிவிடுவோம். 1983-இல் அவர் தந்த சமன்பாட்டை நானோ அளவு உத்தரங்களுக்குப் போட்டு எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். ஒரு முனை பதிந்து மறு முனையில் சுமை தொங்கும் உத்தரத்தில் மட்டும், அந்தச் சமன்பாடு பழைய லோக்கல் விடையையே இம்மி பிசகாமல் தருகிறது. புதுமையின் விளைவு பூச்சியம். ஆய்வாளர்கள் இதற்கு ‘முரண்புதிர்’ என்று பெயர் வைத்து, அதைப் பற்றியும் கட்டுரைகள் எழுதினார்கள். ஒரு கோட்பாடு வேலை செய்யாத இடமும் இத்தனை பேருக்கு வேலை கொடுப்பது சாதாரணமா?

இனி விழா நாயகர். நியூ மெக்சிகோவில், ஆல்புகர்க்கி நகரில் உள்ள சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு, ஸ்டூவர்ட் சில்லிங் 2000-ஆம் ஆண்டு பெரிடைனமிக்ஸை உலகுக்கு அளித்தார். வகைக்கெழுதானே விரிசலில் உதைக்கிறது, அதையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குறிப்பிட்ட ஆரத்துக்குள் உள்ள மற்ற எல்லாப் புள்ளிகளோடும் பிணைப்புகளால் கட்டப்பட்டிருக்கிறது. அந்த விசைகளைக் கூட்டினால் இயக்கம் கிடைக்கும். ஒரு பிணைப்பு அளவுக்கு மீறி நீண்டால் அறுந்துபோகும். அறுந்தவை ஒரு கோட்டில் சேர்ந்தால் அதுவே விரிசல். விரிசல் எங்கே பிறக்க வேண்டும், எப்போது கிளைக்க வேண்டும் என்று தனியாக விதி எழுத வேண்டியதில்லை. அதுவே முடிவு செய்துகொள்ளும். புள்ளிகளைச் சதுரக் கட்டங்களில் அடுக்கியிருந்தால் பல சமயம் கட்டத்தின் கோடுகளையே பிடித்துக்கொண்டு போகும் என்பது உண்மை. அதையும் அது சுதந்திரமாக எடுத்த முடிவு என்றே நாம் மதிக்க வேண்டும்.

அந்த ஆரத்துக்குத் தொடுவானம் என்று பெயர். ஆரத்துக்குள் அடங்கிய புள்ளிகளுக்குக் குடும்பம் என்றே பெயர். வழக்கப்படி ஆரத்தைப் புள்ளிகளின் இடைவெளியைப்போல் மூன்று மடங்கு வைத்தால், முப்பரிமாணத்தில் ஒரு புள்ளிக்கு 122 உறவினர்கள். ஒரு புள்ளி நூலளவு நகர வேண்டுமென்றாலும் 122 பேரையும் கேட்க வேண்டும். மூன்று மடங்குதான் ஏன் என்று கேட்டால், அதற்குக் குறைந்தால் விடை நன்றாக வருவதில்லை, கூடினால் கணினி தாங்குவதில்லை. இயற்கைக்கும் கணினிக்கும் இவ்வளவு பொருத்தமாக ஒரு விதி அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

முதல் பதிப்பில் ஒரு சமத்துவமும் இருந்தது. எந்தப் பொருளானாலும் முப்பரிமாணத்தில் அதன் பாய்சான் விகிதம் 1/4 தான். எஃகு 0.3-ஐ ஒட்டியும், கான்கிரீட் 0.2-ஐ ஒட்டியும், ரப்பர் 0.5-ஐ நெருங்கியும் இருப்பதாக அடம்பிடிக்கின்றன. கோட்பாடு அந்தப் பேதங்களைப் பாராட்டவில்லை. 1820-களில் நேவியேவும் பாய்சானும், துகள்கள் ஒன்றையொன்று நேர்கோட்டில் இழுப்பதாக வைத்து இதே 1/4-க்கு வந்தவர்கள்தான். அந்த நூற்றாண்டு முழுவதும் அதைப் பற்றிச் சண்டை நடந்தது. கடைசியில் ஃபோக்ட் படிகங்களை அளந்து அதை முடித்துவைத்தார். முன்னோர் சொத்தை நூறாண்டு கழித்து மீட்டுக்கொண்டு வந்த பக்தியை எந்த வார்த்தையால் புகழ்வது? 2007-இல் வந்த திருத்தப் பதிப்பு விகிதத்தை விடுவித்துவிட்டது. அதன் ஒரு பிரபலமான வடிவத்தில் புள்ளிகள் ஆற்றலே செலவழிக்காமல் முன்னும் பின்னும் நடுங்கின. அதை அடக்க ஒரு செயற்கை விறைப்பைச் சேர்த்தார்கள். எவ்வளவு விறைப்பு? வாசகர் இதற்குள் பழகியிருப்பார்.

இப்போது என் மனம் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன். ஒரு பிணைப்பு எவ்வளவு நீண்டால் அறுந்துபோகும் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? பொருளின் முறிவு ஆற்றல் சோதனையில் கிடைக்கிறது. ஒரு பரப்பைக் கடக்கும் எல்லாப் பிணைப்புகளையும் அறுக்கும் செலவு அந்த ஆற்றலுக்குச் சமமாக வரும்படி நீட்சி வரம்பைத் திருத்தி வைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அந்த வரம்பு தொடுவானத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் வருகிறது. அதாவது தொடுவானத்தைக் கால் பங்காகக் குறைத்தால் பிணைப்பின் தாங்கும் நீட்சி இரண்டு மடங்காகும். முன்விரிசல் இல்லாத ஒரு கண்ணாடித் துண்டு உடைவதற்கு வேண்டிய தகைவும் இரண்டு மடங்காகும். கண்ணாடி அதே கண்ணாடி. மாறியது நாம் தட்டச்சு செய்த ஓர் எண்.

இதன் பொருளாதாரத்தையும் பாருங்கள். தொடுவானத்தைக் கால் பங்காக்கினால் புள்ளிகளின் இடைவெளியும் கால் பங்காகும். முப்பரிமாணத்தில் புள்ளிகள் 64 மடங்கு. நேரத்தின் ஒவ்வோர் அடியும் கால் பங்காகச் சுருங்குவதால் அடிகள் 4 மடங்கு. மொத்தம் 256 மடங்கு வேலை. ஆக, 256 மடங்கு பெரிய கணினி வாங்கும் வசதி உள்ள கல்லூரியில் கண்ணாடி இருமடங்கு வலிமையோடு இருக்கும். பழைய மடிக்கணினியில் ஓட்டும் ஏழை மாணவனின் கண்ணாடி அதற்கேற்றபடி நலிந்திருக்கும். பொருளின் வலிமை பொருளில் இருக்கிறது என்று நாம் இத்தனை காலம் நம்பிவந்தோம். அது நிதி ஒதுக்கீட்டில் இருக்கிறது. தொடுவானத்தை முற்றிலும் பூச்சியமாக்கினால் கோட்பாடு பழைய மீட்சிக் கோட்பாட்டோடு ஒன்றாகிவிடும் என்பதை 2008-இல் சில்லிங்கும் லெஹூக்கும் நிறுவினார்கள். தான் இல்லாமல் போகும் இடத்தில் முழுச் சரியாக இருக்கும் கோட்பாடு. இவ்வளவு அடக்கம் வேறெங்கு கிடைக்கும்?

இந்த வித்தை பெரிடைனமிக்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை. ஃபிராங்ஃபோர், மரிகோ என்ற இருவர் 1998-இல் கிரிஃபித்தின் கருத்தை ஆற்றல் சிறுமக் கணக்காக எழுத, அதிலிருந்து வளர்ந்த ஃபேஸ் ஃபீல்டு முறை விரிசலை ஒரு மங்கலான பட்டையாகத் தீட்டுகிறது. பட்டையின் அகலத்துக்கும் ஒரு நீளம் வேண்டும். உடையும் தகைவு அங்கேயும் அந்த நீளத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகவே போகிறது. அந்த நீளம் கணக்குக்காக வைத்துக்கொண்ட சௌகரியமா, பொருளின் குணமா? முதல் பக்கத்தில் சௌகரியம் என்று வாசிக்கலாம். சோதனையோடு ஒப்பிடும் பக்கத்தில் அதுவே பொருளின் குணமாக உயர்ந்திருக்கும். ஒரே கட்டுரைக்குள் பதவி உயர்வு தருவது கருமித்தனம் இல்லாத துறைகளில்தான் நடக்கும்.

பெரிடைனமிக்ஸில் மேற்பரப்பு படும் பாட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தட்டையான மேற்பரப்பில் உள்ள புள்ளிக்குப் பாதிக் குடும்பம்தான் உண்டு. மறுபாதி காற்றில் இருக்க வேண்டியவர்கள். அதனால் ஓரங்களில் பொருள் இயல்பைவிட மெலிந்துவிடுகிறது. நடைமுறையில் பெரும்பாலான விரிசல்கள் ஓரத்தில்தான் பிறக்கின்றன என்று பழைய பொறியாளர்கள் முணுமுணுப்பார்கள். அவர்களுக்காகவே திருத்தங்கள் வரிசையாக வந்தன. காற்றில் கற்பனைப் புள்ளிகளை ஒட்டுவது ஒன்று, ஓரப் பிணைப்புகளுக்கு விறைப்பேற்றுவது ஒன்று. எந்தத் திருத்தம் பரவாயில்லை என்று ஒப்பிடும் கட்டுரைகளும் வந்துவிட்டன. சுமை ஏற்றும் இடத்தில் பொருள் தேவையில்லாமல் நொறுங்கினால் அந்தப் பகுதியை ‘உடையாத மண்டலம்’ என்று அறிவித்துவிடுகிறார்கள். அதற்குள் எந்தப் பிணைப்பும் அறுந்துபோகக் கூடாது என்று நிரலில் ஒரு வரி. உடைவதைக் கணிக்கும் கோட்பாட்டில் எது உடையக் கூடாது என்று முன்கூட்டியே உத்தரவு போடும் நிர்வாகத் திறனை மெச்சாமல் இருக்க முடியுமா?

இத்தனைக்கும் பிறகு, சோதனையோடு ஒத்துப்போகிறதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒத்துப்போகிறது, திரும்பத் திரும்ப ஒத்துப்போகிறது. கால்தாஃப், விங்க்லர் என்ற ஜெர்மானியர்கள் 1980-களின் பிற்பகுதியில் இரண்டு வெட்டுகள் உள்ள ஒரு எஃகுத் தகட்டை உருளையால் மோதினார்கள். குறைந்த வேகத்தில் வெட்டின் நுனியிலிருந்து விரிசல் சுமார் 70 பாகை திரும்பி ஓடியது. அன்றிலிருந்து புதிதாக வரும் எந்த முறையும் முதலில் இந்தத் தகட்டைத்தான் உடைத்துக் காட்டும், 68 அல்லது 70 பாகை வந்துவிடும், வண்ணப்படம் போடப்படும். கேள்வியும் விடையும் வெளியாகி முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆன தேர்வில் எல்லோரும் முதல் வகுப்பில் தேறுவது போன்றதுதான் இது. தேறியவர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதே தகட்டை அதிக வேகத்தில் மோதினால் விரிசலுக்குப் பதில் வேறு திசையில் சறுக்குப் பெயர்ச்சிப் பட்டை ஓடியது. அந்த இரண்டாம் கேள்விக்குப் பலர் விடையெழுதுவதில்லை. நேரமின்மைதான் காரணமாக இருக்கும்.

பண்பாடற்ற சிலர் விடை தெரியாத தேர்வும் வைத்துப் பார்த்தார்கள். வருத்தம் என்னவென்றால், வைத்தது அதே சாண்டியா ஆய்வுக்கூடம். 2012-இல் துளைகள் உள்ள ஒரு எஃகுத் துண்டின் படத்தையும் அந்த எஃகின் குணங்களையும் கொடுத்து, விரிசல் எந்த வழியில் போகும், எவ்வளவு விசையில் போகும் என்று சோதனை முடிவு தெரிவதற்கு முன்பே எழுதித் தரச் சொன்னார்கள். 13 அணிகள் எழுதின. விடைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. அணிகளைக் கேலி செய்ய வேண்டாம். ஒரே வரைபடத்தின்படி செய்த துண்டுகளே எல்லாம் ஒரே வழியில் உடையவில்லை. துளை நூலளவு பிசகியதற்கே எஃகு இரண்டு விடை எழுதியது. 2014-இலும் 2017-இலும் மீண்டும் தேர்வு வைத்தார்கள். எந்தத் துறையிலும் பிடிவாதக்காரர்கள் சிலர் இருப்பார்கள்.

பஜாந்தும் ஓயவில்லை. 2020-இல் அவர் குழு ஒரு எளிய சோதனை செய்தது. விரிசலுக்கு இணையான திசையில் கான்கிரீட்டை அமுக்கியபடியே விரிசலைத் திறந்தார்கள். மிதமாக அமுக்கினால் முறிவு ஆற்றல் 1.8 மடங்குவரை ஏறியது. பலமாக அமுக்கினால் ஏறக்குறையப் பூச்சியத்துக்கு இறங்கியது. மாறாத எண் என்று எல்லோரும் நம்பி, பிணைப்பின் வரம்பையும் பட்டையின் அகலத்தையும் கட்டிவைத்திருந்த முளை அதுதான். 2022-இல் அவரும் இரு கூட்டாளிகளும் ஃபேஸ் ஃபீல்டு, பெரிடைனமிக்ஸ், விரிசல் பட்டை ஆகிய மூன்றையும் இந்தச் சோதனையோடும் பழைய சோதனைகளோடும் வைத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டும் தேறவில்லை. மூன்றாவது நன்றாகத் தேறியது. மூன்றாவது 1983-இல் அவரே கண்டதன் வழிவந்தது என்பது தற்செயல். நடுவரே ஓடி முதலிடம் பெறும் பந்தயங்களில் முடிவுக்காக நெடுநேரம் காத்திருக்கத் தேவையில்லை என்ற வசதியும் உண்டு.

இவ்வளவு சிறப்பிருந்தும் ஒரு மரியாதைக் குறைவு நடந்துகொண்டிருக்கிறது. விமான உடற்கூட்டில் ஒரு விரிசல் இருந்தால் அடுத்த பரிசோதனை எத்தனை பறத்தல்களுக்குப் பிறகு என்பதைப் பொறியாளர்கள் இன்றும் பெரும்பாலும் தகைவுச் செறிவுக் காரணியை வைத்தே கணக்கிடுகிறார்கள். இர்வின் 1957-இல் எழுதிய அதே காரணிதான். நுனியில் தகைவு முடிவிலிக்குப் போகிறது, வகைக்கெழு உதைக்கிறது என்று நாம் மேலே தள்ளிவைத்த அதே பழைய கோட்பாட்டின் பிள்ளை. 2007 பெரிடைனமிக்ஸ் கட்டுரையின் ஆசிரியர்களில் போயிங் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதையாவது இந்தப் பொறியாளர்கள் நினைத்துப் பார்த்திருக்கலாம். கேட்டால், தொடுவானம் எவ்வளவு என்று சொல்லுங்கள், உடனே மாற்றிக்கொள்கிறோம் என்கிறார்கள்.